எல்லைக்கல் வீட்டுக்கு வந்த கதை

குரங்குக் கணவாயின் எல்லைக்கல் முதல் எட்டு வைத்த காலையில் பவளாயி வாசற்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பனி விழுந்த புல்லின்மேல் வெயில் பரவி, மெல்ல ஏறிக் கல்லின் உச்சியைத் தொட்டதும், இடுப்புயரமிருந்த அந்த வெள்ளைக் கல் சினை எருமை எழுந்திருப்பதுபோலப் பின்பக்கத்தைத் தூக்கி, முன்னால் சாய்ந்து, ஒரு ஆள் வைக்கும் எட்டு அளவுக்கு நகர்ந்து, மறுபடி மண்ணில் குந்திக்கொண்டது. மாடு தவிடு மெல்லுவதுபோல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பவளாயி கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்துச் சட்டியில் போட்டுவிட்டு, வீட்டின் கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, எல்லைக்கல்லு நவுந்துபோச்சுங்க."

பின்கட்டில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடித்துக்கொண்டிருந்த செங்கோடனின் சுத்தியல் நின்றது.

"எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்."

அதற்கப்புறம் வெகுநேரம் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை.

கல்லுக்குத் தெற்கே இருந்தது, தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்து மகாராணி ஆண்ட நேட்டால். அங்கே கரும்புத் தோட்டங்களும், அந்தக் கரும்பை வெட்ட ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த தமிழ் சனமும் இருந்தார்கள். கல்லுக்கு வடக்கே இருந்தது போயர்களின் குடியரசு. அவர்களும் வெள்ளைக்காரர்கள்தான், ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன் மகாராணியின் சட்டம் பிடிக்காமல் மாட்டு வண்டிகளில் பைபிளையும் துப்பாக்கியையும் ஏற்றிக்கொண்டு மலையேறி வந்து, இனி எங்களைத் தேடி வராதே என்று சொல்லி நிலத்தைப் பிடித்து உட்கார்ந்தவர்கள். அப்படி வராமலிருப்பதற்காக எழுதிய உடன்படிக்கையில் 'கணவாயில் நிற்கும் வெள்ளைக் கல்லே எல்லை' என்று ஒரு வரி இருந்தது. பிறகு கல்லுக்கு வடக்கே இரண்டு நாள் குதிரைப் பயணத்தில் பூமிக்கடியில் தங்கம் கிடைத்தது. தங்கம் தோண்ட ஆயிரமாயிரமாக இங்கிலீஷ்காரர்கள் வந்து குவிந்தார்கள். வந்தவர்கள் ஓட்டுக் கேட்டார்கள். போயர்கள் மாட்டேன் என்றார்கள். தன் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கிறது என்று சாம்ராஜ்யம் மலைக்குக் கீழே இருந்தபடி தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது.

அதெல்லாம் பெரிய இடத்துச் சங்கதி. பவளாயிக்குத் தெரிந்த சங்கதி வேறு. எட்டு வருஷத்துக்கு முன் கரும்புக் காட்டில் காய்ச்சலில் சுருண்டு கிடந்த அவளை ஓவர்சியர் பூட்ஸ் காலால் எத்தியபோது, பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த செங்கோடன் கத்தியைத் திருப்பி ஒரு வீசு வீசினான். ஓவர்சியரின் இரண்டு விரல் கரும்புச் சோகைக்குள் விழுந்தது. அன்றைக்கே ஓடிவந்தவன் இந்தக் கல்லைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டான், ஏனென்றால் தெற்கத்தி வாரண்ட் கல்லுக்கு வடக்கே செல்லாது. பவளாயி தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு இரண்டு வருஷம் கழித்து நடந்தே வந்து சேர்ந்தாள். ஓப்பர்மன் என்ற போயர் பண்ணைக்காரர், தன் வண்டிச் சக்கரங்களைச் சீர் பண்ண ஆள் வேண்டுமென்பதால், பாதையோரம் ஒரு நீள வீடு கட்டிக்கொள்ள விட்டார். வீட்டின் பின்சுவரோடு அவருடைய அனுமதி முடிந்தது. அதற்கப்பால் வேலி; வேலிக்கப்பால் அனுமதிச் சீட்டில்லாத கூலியைப் பார்த்தால் பிடித்துத் தெற்கே தள்ளிவிடுவது குடியரசின் வழக்கம்.

கல் முதலில் நின்ற குழியிலிருந்து முன்வாசலுக்கு ஐம்பத்தைந்து எட்டு; முன்வாசலிலிருந்து பின்சுவருக்கு ஏழு. அன்று சாயங்காலம் செங்கோடன் நடந்து அளந்துவிட்டு வந்து அடுப்பருகே உட்கார்ந்தான்.

"நாளைக்கும் நவுந்தா?"

"நவுராதுங்க" என்றாள் பவளாயி. "எதோ மண்ணு எளக்கமா இருந்திருக்கும்."

மறுநாள் வெயில் தொட்டதும் கல் எழுந்து ஒரு எட்டு வைத்தது. அதற்கு மறுநாளும்.

பத்து நாளில் அது எல்லோருக்கும் பழகிப்போனது. இரண்டு பக்கத்துச் சுங்கக் கூடாரங்களும் தினம் காலையில் முளையைப் பிடுங்கி ஒரு எட்டு வடக்கே அடித்துக்கொண்டன; வண்டிக்காரர்கள் பழைய தடத்தில் வந்து கூடாரத்தில் முட்டிக்கொண்டு திட்டினார்கள்; பால் கொண்டுவரும் அந்த மண்ணின் கறுப்பினப் பெண் நொம்வூலா, கல் எட்டு வைப்பதற்குள் கறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாடு மிரண்டு பாலை ஏற்றிக்கொள்கிறது என்று சீக்கிரமே கிளம்பினாள். தங்க ஊரிலிருந்து இங்கிலீஷ்காரச் சுரங்கக்காரர்கள் கூட்டமாக வந்து கல்லுக்கு நீல ரிப்பன் கட்டி, தொப்பியைக் கழற்றிப் பாட்டுப் பாடினார்கள். அவர்கள் போனதும் போயர் பெண்கள் வந்து ரிப்பனை அவிழ்த்து எறிந்துவிட்டு அதே இடத்தில் முழங்காலிட்டு வேறு பாட்டுப் பாடினார்கள். இரண்டு கூட்டமும் போனபிறகு குரங்குகள் வந்து கல்லின்மேல் உட்கார்ந்து பேன் பார்த்தன. கல் ஏன் நடக்கிறதென்று யாரும் பவளாயியிடம் கேட்கவில்லை. எந்தப் பக்கம் நடக்கிறதென்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"தங்கம் எங்கிருக்குதுன்னு அந்தக் கல்லுக்குங்கூடத் தெரிஞ்சுபோச்சு" என்று செங்கோடன் ஒருநாள் சிரித்தான். சிரித்துக்கொண்டே சக்கரத்தின் ஆரக்காலை எதிர்ப்பக்கமாகச் சொருகினான். இங்கே வந்து சேர்ந்த ஆறு வருஷத்தில் அவன் அப்படித் தப்புச் செய்து பவளாயி பார்த்ததில்லை.

நொம்வூலா மட்டும் அந்தக் கல்லைப் பொருட்டாக நினைக்கவில்லை. அவள் அப்பன் காலத்தில் அந்தக் கணவாய், அதன் புல், அதன் இரண்டு பக்கத்து ஓடை எல்லாம் அவர்கள் சனத்தினுடையதாக இருந்தது. பவளாயிக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது ஒரு அரைகுறைப் பாஷை, அதில் அவள் சொன்னாள்: "ஒரு கல் நடக்குதுன்னு இவ்வளவு சத்தம் போடறாங்க. இவங்க ரெண்டு பேரும் வந்தப்போ எங்க மலையே எழுந்து நடந்துபோச்சு. யாரும் பாட்டுப் பாடலை."

இருபதாம் நாள் ஓப்பர்மன் பதினாறு எருதுகளைக் கொண்டுவந்தார். சங்கிலியைக் கல்லின் கழுத்தில் மாட்டி இழுத்தால் கல் சாதுவாகப் பின்னால் வந்தது. இருபது எட்டையும் இழுத்துப் பழைய குழியிலேயே உட்காரவைத்து, மண்ணைக் கெட்டிப்படுத்தி, போயர்கள் காப்பி குடித்துக் கை குலுக்கிக்கொண்டார்கள். பவளாயி அன்று பகலெல்லாம் பாடிக்கொண்டே வேலை செய்தாள். மறுநாள் வெயில் தொட்டதும் கல் எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்திரண்டு எட்டு நிற்காமல் நடந்து, இழுக்காமல் விட்டிருந்தால் எங்கே இருந்திருக்குமோ அதற்கும் ஒரு எட்டு முன்னால் போய்க் குந்தியது.

"இழுத்ததற்கு வட்டி போட்டு நடக்கிறது" என்றார் ஓப்பர்மன். அவர் முகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்திருந்தது.

அவர் எருது கட்டி இழுத்த சேதி மலைக்குக் கீழே போனது. மகாராணியின் எல்லையைப் போயர்கள் சங்கிலி போட்டு இழுத்தார்கள் என்று அது கீழே போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் தெற்குச் சரிவில் வெள்ளைக் கூடாரங்கள் முளைத்தன. அதைப் பார்த்து, வேலிக்கு வடக்கே ஓப்பர்மனின் பழத்தோட்டத்தில் துப்பாக்கியோடு போயர் குதிரைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அதைப் பார்த்துத் தெற்கே இன்னும் கூடாரங்கள் முளைத்தன. கல் யாருக்காகவும் வேகம் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

முன்வாசலுக்குப் பத்து எட்டு பாக்கி இருந்தபோது ஒரு இங்கிலீஷ்காரக் கேப்டன் வந்தார். கூடவே வந்தவன் சார்ஜண்ட் ஹாப்ஸ். அவன் முன்பு தோட்டப் பகுதியில் காவலிருந்தவன். அங்கே தமிழர்களை அதட்டி அதட்டியே தமிழ் கற்றுக்கொண்டவன். செங்கோடனின் வாரண்ட் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. கேப்டன் எல்லைக்கல்லுக்குத் தெற்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பவளாயியைக் கூப்பிட்டு, அவளைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். அவர் சொல்லச் சொல்ல ஹாப்ஸ் தமிழில் சொன்னான்.

"போயர்கள் உங்களை நடைபாதையில் நடக்க விடுவதில்லை. நிலம் வாங்க விடுவதில்லை. உங்களுக்காக மகாராணி வருத்தப்படுகிறார்."

பவளாயி விலாவைத் தடவிக்கொண்டாள். மகாராணியின் கரும்புக் காட்டில் தன் விலாவில் பட்ட பூட்ஸ் எந்தப் பக்கத்துப் பூட்ஸ் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே வீடு உன் வீடு. போயர்கள் கல்லை இழுத்தபோது நீ தடுத்தாய், உன்னைச் சாட்டையால் அடித்தார்கள் என்று இந்தக் காகிதத்தில் இருக்கிறது. கட்டைவிரலை வை. வைத்தால்..." ஹாப்ஸ் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "இதைக் கேப்டன் கிழித்துவிடுவார்."

பவளாயி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல், ஒரு சொட்டு மை, அதோடு தீர்ந்தது. ஆனால் அந்தக் காகிதம் மலையிறங்கினால் கூடாரத்தில் இருப்பவர்களெல்லாம் மலையேறுவார்கள் என்பது, கூடாரங்கள் முளைத்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியாமலில்லை.

"என்னைய யாரும் அடிக்கலீங்க சாமி. கல்லு தானா நடக்குதுங்க. இன்னைக்குக் காலைல நீங்களே தொலைநோக்கிக் குழாய வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தீங்களே?"

கேப்டன் காகிதத்தை மடித்தார். "பார்த்தேன்" என்றார். "அதை நான் எழுத முடியாது."

அதே நாள் மத்தியானம் ஓப்பர்மன் வந்தார். அவர் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. இங்கிலீஷ் சிப்பாய்கள் கடப்பாரை போட்டுக் கல்லைத் தள்ளியதைப் பவளாயி கண்ணால் கண்டதாக அதில் எழுதியிருந்தது.

"உன் புருஷனை எட்டு வருஷம் வைத்திருந்தேன்" என்றார். "உங்கள் சீட்டை யாரும் கேட்காமல் பார்த்துக்கொண்டேன். இதில் விரலை வைத்தால் வேலியைத் திறந்துவிடுகிறேன். எவ்வளவு தூரம் வேண்டுமோ வடக்கே போகலாம்."

"கல்லு தானா நடக்குதுங்க தொரை. உங்க பதினாறு மாட்டுக்கும் தெரியுமே."

"தெரியும்!" என்று கத்தினார் ஓப்பர்மன். "எனக்கும் தெரியும். கர்த்தருக்கும் தெரியும். தானாக நடக்கும் கல்லை எதிர்த்து எப்படி ஆள் திரட்டுவது?"

கத்திவிட்டு அவர் படியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவருக்கு மூன்று மகன்கள். மூன்று பேரும் பழத்தோட்டத்தில் துப்பாக்கியோடு இருந்தார்கள். பவளாயி உள்ளே போய் அவருக்கு ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வண்டிக்காரர்கள் இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளையும் கொண்டுவந்து படித்துக் காட்டினார்கள். தெற்கத்திப் பத்திரிகையில், போயர்களின் சாட்டைக்கு ஆளான ஒரு விசுவாசமுள்ள இந்தியப் பெண்ணின் வாக்குமூலம் வந்திருந்தது. வடக்கத்திப் பத்திரிகையில், இங்கிலீஷ்காரர்களின் கடப்பாரையைக் கண்ணால் கண்ட ஒரு நேர்மையுள்ள இந்தியப் பெண்ணின் வாக்குமூலம் வந்திருந்தது. இரண்டிலும் அவள் பேர் தப்பாக இருந்தது, இரண்டிலும் கட்டைவிரல் ரேகை அச்சாகியிருந்தது. பவளாயி தன் கட்டைவிரலை அந்த இரண்டு ரேகைகளுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

"யாரு வெரலுங்க இது?"

"எவனோ ஒருத்தன் வெரலு" என்றான் செங்கோடன். "நீ வெச்சிருந்தாலும் இதேதான், வெக்காட்டியும் இதேதான். வெச்சிருந்தா என் தலையாவது தப்பிச்சிருக்கும்."

சொன்னபிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சும்மா சொன்னேன் புள்ள" என்றான். ஆனால் அது சும்மா சொன்னதல்ல என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் நொம்வூலா ஒரு வழி சொன்னாள். ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மலை முதுகோடு கிழக்கே போனால் இரண்டு பக்கத்துக்கும் சேராத தடம் ஒன்று இருக்கிறது, அவளுடைய மாடுகள் போகும் தடம். ஆனால் அதன் இரண்டு கரையிலும் இப்போது துப்பாக்கிகள் இருந்தன. யார் தலை தெரிந்தாலும் ஒற்றன் என்று சுட்டார்கள். ஏற்கெனவே அவளுடைய கன்று ஒன்று ஒற்றனாகச் செத்துப்போயிருந்தது.

பிறகு ஒரு காலையில் கல் வாசலுக்கு வந்தது. அடுத்த காலையில் படியேறி, நிலையைக்கூட உரசாமல், வீட்டுக்குள் வந்து குந்தியது.

சார்ஜண்ட் ஹாப்ஸும் கூடவே உள்ளே வந்தான். கல் வரைக்கும் சாம்ராஜ்யம் என்பதால் அவனைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. பவளாயியின் முக்காலியைக் கல்லுக்குத் தெற்கே இழுத்துப் போட்டு, கைவிலங்கை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கல்லுக்கு வடக்கே, அவன் கைக்கெட்டும் தூரத்தில், செங்கோடன் உட்கார்ந்து ஆரக்கால் செதுக்கினான். ஓப்பர்மன் பின்கதவுக்கு வெளியே துப்பாக்கியோடு நின்றார், கல் பின்சுவரைத் தாண்டினால் அடுத்து அது கால் வைப்பது அவருடைய பழத்தோட்டம் என்பதால். ஒவ்வொரு காலையும் கதவு வழியாக வெயில் வந்து கல்லைத் தொடும்; கல் ஒரு எட்டு வைக்கும்; ஹாப்ஸ் முக்காலியை ஒரு எட்டு முன்னால் இழுத்துக்கொள்வான்; செங்கோடன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்துகொள்வான்; பாத்திரம், பாய், உளி எல்லாம் அவனோடு நகரும். நாலாம் நாள் அடுப்பு சாம்ராஜ்யத்துக்குப் போனது. பவளாயி சாம்ராஜ்யத்தில் சமைத்துக் குடியரசில் பரிமாறினாள்.

"இன்னும் மூணு நாள், செங்கோடா" என்றான் ஹாப்ஸ். "எனக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அந்த ஓவர்சியரை எனக்கும் பிடிக்காது."

"கோவம் இருந்தாக்கூடத் தேவலைங்க" என்றாள் பவளாயி. "உங்களுக்குச் சோறு போடாம இருப்பேன்."

அவன் தட்டை நீட்டினான். அவள் போட்டாள்.

அறுபத்திரண்டாம் எட்டுக்கான காலை விடிந்தபோது செங்கோடனின் முதுகு பின்சுவரில் ஒட்டியிருந்தது. கல்லுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு எட்டு இடம்தான் இருந்தது. தெற்கே நூறு சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். வடக்கே பழ மரத்துக்கு ஒருவராகப் போயர்கள் மண்டியிட்டிருந்தார்கள். கல் தங்கள் தோட்டத்தில் கால் வைத்தால் சுடுவோம் என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்படிச் சுட்டால் மகாராணியின் எல்லையைச் சுட்டதாக அர்த்தம் என்று இங்கிலீஷ்காரர்கள் பதில் அனுப்பியிருந்தார்கள். குரங்குகளைக்கூட எங்கும் காணவில்லை. வெயில் மெல்ல வாசற்படி ஏறி, தரையில் ஊர்ந்து, அடுப்பைத் தாண்டி, முக்காலியில் இருந்த ஹாப்ஸின் பூட்ஸைத் தாண்டி, கல்லின் அடியைத் தொட்டு, உச்சியைத் தொட்டது.

கல் நடக்கவில்லை.

பவளாயி கல்லையே பார்த்தாள். வெயில் உச்சியைக் கடந்து, சுவரில் ஏறி, செங்கோடனின் நெற்றியில் இருந்த தழும்பைத் தொட்டது. கல் நடக்கவில்லை. அடம்பிடித்த மாடுபோல் உட்கார்ந்திருந்தது; அதன் வெள்ளை மேனியில் ஒரு எறும்பு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. பவளாயியின் நெஞ்சுக்குள் சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. ஓவென்று கத்திவிடுவோமோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹாப்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான். வெளியே சிப்பாய் வரிசையைப் பார்த்தான். கேப்டன் கையை உயர்த்தி, என்ன ஆயிற்று என்று சைகை காட்டினார். ஹாப்ஸ் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு விலங்கைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியிலிருந்து எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கல்லின்மேல் தோளைக் கொடுத்தான்.

"சாமி, வேண்டாங்க!" என்றாள் பவளாயி. "அது போகலீங்க. அது போவ மாட்டேங்குது, விட்டுருங்க!"

கல் அரை விரற்கடை நகர்ந்தது. அந்தக் கரகரப்பு ஓப்பர்மன் காதில் விழுந்தது. பின்கதவை உதைத்துத் திறந்து உள்ளே வந்தவர், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, செங்கோடனைத் தள்ளிக்கொண்டு, கல்லின் வடக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் வைத்து எதிர்த்துத் தள்ளினார். அப்படி அந்தச் சமையற்கட்டில், இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு கல்லுக்கு இரண்டு பக்கமும் நின்று, நெற்றியோடு நெற்றி முட்டாத குறையாக, முகம் சிவந்து, பல்லைக் கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கல் இருந்த இடத்திலேயே ஆடியது. கல் ஆடத் தரை ஆடியது. தரை ஆட நடுத்தூண் ஆடியது. தூணில் அடித்திருந்த பலகையில், நொம்வூலா சுட்டுக் கொடுத்த பெரிய மண்பானை ஒன்று இருந்தது. அது மெல்ல மெல்ல ஓரத்துக்கு வந்தது. பவளாயி பார்த்தாள், கையை நீட்டிக்கொண்டு ஓடினாள், எட்டவில்லை. பானை அடுப்புக் கல்லின்மேல் விழுந்து டமாரென்று வெடித்தது.

அந்தச் சத்தம் தெற்கே போனபோது போயர் துப்பாக்கியாகக் கேட்டது. வடக்கே போனபோது இங்கிலீஷ் துப்பாக்கியாகக் கேட்டது. பானைச் சில்லுகள் தரையில் உருண்டு நிற்பதற்குள் இரண்டு பக்கமும் சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

செங்கோடன் பவளாயியை இழுத்துத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டான். மண் சுவரைத் துளைத்துக்கொண்டு குண்டுகள் வந்தன. ஹாப்ஸ் குண்டு பட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "சுட்டுவிட்டார்கள்! சுட்டுவிட்டார்கள்!" என்று கத்தியபடி முன்வாசல் வழியாக ஓடினான், விலங்கு தரையிலேயே கிடந்தது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓப்பர்மன் கல்லைக் கட்டிக்கொண்டதுபோல் மெதுவாகச் சரிந்தார். பின்சுவர் வழியாக வந்த குண்டு அவர் முதுகில் பாய்ந்திருந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அவருடைய சொந்த ஆட்கள்.

செங்கோடன் ஊர்ந்துபோய் அவர் தலையைத் தூக்கித் தன் தொடையில் வைத்தான்.

"அவர்கள்தானே முதலில் சுட்டது?" என்றார் ஓப்பர்மன். அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று அவருக்குத் துடிப்பாக இருந்தது. "நீங்கள் பார்த்தீர்களே. அவர்கள்தானே?"

பவளாயி பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு காகிதத்தில் சொல்லாத பொய்யை, சாகிற மனுஷனுக்குச் சொல்லலாம்தான் என்று அவளுக்கு அந்தக் கணம் தோன்றவும் செய்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பானைங்க தொரை" என்றாள் அழுதுகொண்டே. "பானை ஒடஞ்சுபோச்சுங்க."

அவர் கண்ணைத் திருப்பி அடுப்பருகே கிடந்த சில்லுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே உயிர் போயிற்று.

அன்று மத்தியானத்துக்குள் போயர்கள் குதிரைகளில் கல்லைக் கடந்து நேட்டாலுக்குள் இறங்கிவிட்டார்கள். சண்டையும் அவர்களோடு மலையிறங்கிப் போயிற்று. அதன்பிறகு அந்தக் கல் நடந்ததா, அங்கேயே நின்றதா என்று பார்க்க அங்கே யாரும் இருக்கவில்லை. குடியரசிலிருந்த மகாராணியின் குடிகளெல்லாம் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆற்று வெள்ளம்போல் சனம் தெற்கே போயிற்று: தங்க ஊரின் இங்கிலீஷ்காரர்கள், சுரங்கத்தில் வேலை பார்த்த கறுப்பர்கள், கடைக்கார குஜராத்திகள், சலவைக்காரத் தமிழர்கள். ஒற்றனைத் தேட ஆளில்லாமல் போன தடத்தில் நொம்வூலா முன்னால் மாடுகளை ஓட்டிக்கொண்டு போக, பின்னால் போன பவளாயியும் செங்கோடனும் மூன்றாம் நாள் ஒரு ரயில் நிலையத்தில் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். அது நேட்டால். எட்டு வருஷம் எந்த மண்ணுக்குப் பயந்தார்களோ அதே மண்.

மேஜை போட்டுப் பேர் பதிந்தார்கள். பேர் பதியாமல் ரயிலேற முடியாது. மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும், அவர் பக்கத்தில் பொன்னுரங்கம் என்ற தமிழ்க் குமாஸ்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். ராசிபுரத்துக்காரர், முன்வழுக்கை, மூக்குக் கண்ணாடி. அவர் இடது கைக்கடியில் தேடப்படுகிறவர்களின் பேரும் அங்க அடையாளமும் எழுதிய பட்டியல் இருந்தது. பவளாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வரிசையில் முன்னால் நின்ற ஒருவனை அவர் பட்டியலில் விரல் ஓட்டிப் பார்த்துப் பேர் சொல்ல, இரண்டு சிப்பாய்கள் வந்து அழைத்துப் போனதை அவள் பார்த்தாள்.

"எங்கிருந்தம்மா வர்றீங்க?"

"குரங்குக் கணவாயிலிருந்துங்க."

அதைக் கேட்டதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். பொன்னுரங்கம் சொன்னார்: "மொதல்ல சுட்டது யாருன்னு கேக்கறாரு."

"யாரும் சுடலீங்க. ஒரு பானை ஒடஞ்சுதுங்க."

பொன்னுரங்கம் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, அதிகாரியிடம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். அவள் சொன்னதைவிட அது ரொம்ப நீளமாக இருந்தது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"சொந்த ஊரு?"

"திருச்செங்கோட்டுப் பக்கமுங்க."

"அட, நம்ம பக்கந்தான்" என்றார். "பேரு?"

"பவளாயிங்க."

"புருஷன் பேரு?"

கேட்டுவிட்டு, அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செங்கோடன் பக்கம் திரும்பிக் காத்திருந்தார், எந்தப் பெண் பிள்ளையும் அதற்கு வாய் திறந்து பதில் சொல்லமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம் என்பதால். பவளாயியும் அப்படித்தான், சென்னையில் கப்பலேறும்போது கூலிக்கு ஆள் பதியும் டிப்போக்காரர் இதையே கேட்டு மிரட்டினபோதுகூட, "எங்கூரு மலைப் பேருங்க" என்று சொல்லிவிட்டு முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டவள். செங்கோடனுக்குப் பொய் வராது என்று அவளுக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்தான்.

"அய்யாவுங்க" என்றாள் பவளாயி, சத்தமாக, தெளிவாக.

பேனா அந்தரத்தில் நின்றது.

பொன்னுரங்கம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். தன் வீட்டில், தன் தெருவில், தன் சாதி சனத்தில், இத்தனை வருஷத்தில், இவ்வளவு வெடுக்கென்று புருஷன் பேரைச் சொன்ன ஒரு பெண்ணை அவர் கண்டதில்லை. அதனால் அது அவன் பேரில்லை என்று அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அவர் கண் செங்கோடனின் நெற்றித் தழும்புக்குப் போயிற்று. அங்கிருந்து இடது கைக்கடியில் இருந்த பட்டியலுக்குப் போயிற்று. பட்டியலில் ஒரு இடத்தில் நின்றது. பவளாயிக்கு ரயிலின் மூச்சு மட்டும் கேட்டது.

அதிகாரி பொறுமையில்லாமல் மேஜையைத் தட்டினார்.

பொன்னுரங்கம் பட்டியலின்மேல் மை ஒற்றும் தாளை வைத்து அழுத்திக்கொண்டு, நோட்டில் மெதுவாக, அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்து இரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார்.

"அய்யாவு" என்றார் செங்கோடனைப் பார்த்து. "சம்சாரத்தைப் பத்திரமாக் கூட்டிக்கிட்டுப் போங்க."

ரயில் பெட்டியில் கரித்தூளின்மேல் சனத்தோடு சனமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகும் பவளாயி அந்த இரண்டு சீட்டையும் முந்தானையில் முடிந்து, அவிழ்த்து, மறுபடி முடிந்துகொண்டிருந்தாள். வண்டி நகர்ந்து, நிலையம் மறைந்து, வெகுதூரம் போனபிறகுதான் செங்கோடன் குனிந்து அவள் காதோடு கேட்டான்.

"ஏ புள்ள, யாரு பேரு அது?"

"தெரியலீங்க. வாயில வந்துச்சு, சொல்லிப்போட்டேன்" என்றாள் பவளாயி. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமேல்பட்டு நான் வாயெடுத்துச் சொல்லக்கூடாத பேரு ரெண்டாப்போச்சுங்க."